பதினோரு வலதும் ஓர் இடதும்

ஆம்பூர்
24 நவம்பர் 2024

இயேசுவுக்கே புகழ்!

அன்புத் தங்கை ஹெலனுக்கு, அண்ணன் அந்தோணி எழுதுவது. நானும் உன் அண்ணி பிரிசில்லாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீ சுகமா? மலைக்குளிருக்குக் கம்பளி போதுமா?

வரும் ஞாயிறு திருவருகைக் காலம் ஆரம்பம். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டுமே என்று ஓட்டமும் நடையுமாக எழுதுகிறேன். பிந்தினால் கிறிஸ்துமஸ் வரை உங்கள் மடத்துத் தலைவி மதரின் மேசைக்குள் தூங்கும். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் உங்களுக்குக் கடிதம் கிடையாது, போன் எந்தக் காலத்திலும் கிடையாது என்பதை நீ வாசல் தாண்டாத அடைப்பு மடத்துக்குள் போய் இத்தனை வருஷமாகியும் உன் அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண் அல்லவா. "லெட்டர் போடாதேன்னு கர்த்தர் எந்த வசனத்துல சொன்னாரு, காட்டு பாக்கலாம்" என்று ஒவ்வொரு டிசம்பரிலும் என்னிடம் மல்லுக்கு நிற்கிறாள். எனக்கு எந்த வசனம் தெரியும்? சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஷூ கம்பெனியில் எனக்கு அதே பேக்கிங் மேசைதான். எதிரில் அதே நயீம் பாய். அவர் இடதை எடுத்துக் கொடுக்க, நான் வலதோடு சேர்த்துப் பிடித்து நிறமும் தையலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டியில் வைக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் வாய் ஓய்வதில்லை, கையும் ஓய்வதில்லை. கோவிலில் நட்சத்திரம் கட்ட இந்த வருஷமும் ஏணி ஏறப்போவது நான்தான். கால்கடுக்க நின்று வேலை செய்ய உடம்பில் தெம்பு இருக்கிறதே, அதற்கு ஆண்டவருக்குக் கோடி நன்றி.

ஒரு சிரிப்புச் செய்தி. உலகத்துக்கே ஷூ அனுப்புகிற உன் அண்ணனை ஒரு புது ஷூ கடித்துவிட்டது. கட்டைவிரலில் ஒரு சின்னக் கொப்புளம். நயீம் பாய், "கம்பெனி விசுவாசம் ஜாஸ்தியா போச்சு ஒனக்கு" என்கிறார்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்தை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். அன்றைக்குத்தான் பிரித்ததாக வைத்துக்கொள்.

உன் அண்ணன்,
அந்தோணி


அடைப்பு மடம், கோத்தகிரி
4 ஜனவரி 2025

மரியே வாழ்க!

பாசமுள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஹெலன் எழுதுவது. பாலன் இயேசுவின் தயவில் நாங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறோம். குளிர் இருக்கிறது, கம்பளியும் இருக்கிறது.

உன் கடிதம் திருவருகைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. அது போதாதென்று கிறிஸ்துமஸ் அன்றைக்கு மறுபடியும் எடுத்துப் படித்தேன். நட்சத்திரம் நன்றாக எரிந்ததா?

இப்போது என்னைப் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் சுடும் வேலையில் போட்டிருக்கிறார்கள். மாவும் தண்ணீரும் தவிர வேறொன்றும் கிடையாது, உப்புக்கூட இல்லை. இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் ஊற்றி அழுத்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். இங்கே சுடுவது எந்த ஊர்ப் பீடத்துக்கோ போகிறது, எந்த நாக்கிலோ ஆண்டவராகிறது. யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்காகச் செபிப்பது எனக்குப் பழகிவிட்டது, அண்ணா. தெரிந்தவர்களுக்காகச் செபிப்பதுதான் கஷ்டம். மனம் அங்கேயே ஓடிவிடுகிறது.

அதனால் கேட்கிறேன். ஷூ கடித்தது எந்தக் கால்? ஆறிவிட்டதா? சர்க்கரை பார்த்துக்கொண்டாயா? அப்பாவுக்கும் இப்படி ஒரு கொப்புளத்தில்தான் ஆரம்பித்தது. அதைச் சிரிப்புச் செய்தி என்று எனக்கு எழுதாதே.

அண்ணியிடம் சொல்: வசனம் ஒன்றும் இல்லைதான். ஆனால் பேசாமல் இருக்கிற நாட்களில் எனக்கு உங்கள் முகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அன்புத் தங்கை,
ஹெலன்


ஆம்பூர்
19 ஜனவரி 2025

இயேசுவுக்கே புகழ்!

அன்புத் தங்கைக்கு, இங்கு இருவரும் நலம். உன் நலமும் மடத்தார் நலமும் அறிய ஆவல். நட்சத்திரம் ஜோராக எரிந்தது. பைபாஸில் போகிற லாரிக்காரன்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்திருப்பான்.

இப்போது பெரிய செய்தி. உட்கார்ந்துகொண்டு படி.

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவாரே, எங்கள் பங்குக் கோவிலில் அதற்கு எப்போதும் கமிட்டிக்காரர்களும் பெரிய வீட்டுக்காரர்களும்தான் உட்காருவார்கள். நான் வருஷா வருஷம் பக்கத்தில் நின்று ஜக்கில் தண்ணீர் ஊற்றுகிறவன். அவர்கள் வரிசையாக வலது காலை நீட்டுவார்கள். பல பேர் காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருப்பார்கள்! அழுக்கே இல்லாத காலைக் கழுவ அத்தனை தண்ணீர்.

புதிதாக வந்திருக்கிற அன்பரசன் ஃபாதர் சின்ன வயசுக்காரர். "இந்த வருஷம் ஒவ்வொரு அன்பியத்துலேர்ந்தும் ஒருத்தர். சீட்டுப் போட்டு எடுங்க. தவக்காலத்துக்கு முன்னாடியே பேரைக் குடுத்துடுங்க, அப்புறம் சண்டை வேணாம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். வந்தது உன் அண்ணன் பெயர்.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் ஒரு மாதிரியாகிவிட்டது. எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை, ஹெலன். பந்தியில் பரிமாறச் சொல், பெட்டி தூக்கச் சொல், கல்லறையில் மண்வெட்டி பிடிக்கச் சொல், முதல் ஆளாக நிற்பேன். ஒரு சாமியார் என் காலடியில் மண்டி போட, நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பதா? ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இல்லாமல் இல்லை. அப்பா இருந்திருந்தால் ஆம்பூர் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

நயீம் பாயிடம் சொன்னேன். "கால் கழுவுறதுக்கு லாட்டரியா?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் சிரித்தார்.

உன் அண்ணன்,
அந்தோணி


அடைப்பு மடம், கோத்தகிரி
2 பிப்ரவரி 2025

மரியே வாழ்க!

அன்பு அண்ணா, நலம், நலமே எழுதவும்.

உன் கடிதத்தை மதருக்கும் வாசித்துக் காட்டினேன். உள்ளே வந்த நாள் முதல் நான் கேட்ட வரங்களில் இப்படி ஒன்றைக் கேட்கவே தோன்றவில்லை. கேட்காததையும் கொடுக்கிறார் பார். இங்கேயும் அன்று மதர் எங்கள் பாதங்களைக் கழுவுவார். அந்த நேரத்தில் அங்கே என் அண்ணனும் உட்கார்ந்திருப்பான் என்று நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று மெழுகுதிரி மந்திரிக்கிற திருநாள். என் திரியை உனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. நீ எழுதாமல் விடுவதைப் படிக்க எனக்குத் தெரியும். கால் எப்படி இருக்கிறது?

ஹெலன்


ஆம்பூர்
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு, ஆண்டவர் ஆசீர் உண்டாவதாக.

தாமதத்துக்கு மன்னிக்கவும். கம்பெனியில் ஆர்டர் ஜாஸ்தி. கால் எங்கே போய்விடும்? இருக்கிறது. உன் விசாரிப்புக்கு இரண்டு காலும் நன்றி சொல்லச் சொன்னது.

உன் அண்ணிக்கு ஆலங்காயத்திலிருந்து நல்ல புளி வந்தது. உங்கள் சமையலறைக்கும் கொஞ்சம் பார்சல் போட்டிருக்கிறேன்.

அந்தோணி


ஆம்பூர்
4 மார்ச் 2025

இயேசுவுக்கே புகழ்!

அன்புத் தங்கை ஹெலனுக்கு, நாளை சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். இதை இன்று சாயங்காலம் தபாலில் போடுகிறேன். எவ்வளவு வேகமாக வந்தாலும் நாளை மறுநாள்தான் வரும், மதர் வாங்கி உள்ளே வைத்துவிடுவார். நீ இதைப் பிரிக்கும்போது உயிர்ப்பு ஞாயிறு அல்லேலூயா பாடி முடித்திருப்பாய். ஆமாம், கணக்குப் போட்டுத்தான் செய்கிறேன். இனிமேல் உண்மையை எழுதலாம்.

கொப்புளம் ஆறவில்லை. வலது கால். பொங்கலுக்குள் கட்டைவிரல் கறுத்துவிட்டது. சர்க்கரை இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். உன் அண்ணி என்னை இழுத்துக்கொண்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். விரலை எடுத்தார்கள். அதோடு நிற்கும் என்று பார்த்தோம், நிற்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடப்போகிறார்கள். உனக்கு ஆர்டர் ஜாஸ்தி என்று எழுதியது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அப்பாவுக்கு இதே மாதிரி வந்தபோது, "காலை வெட்டிட்டு உயிரோட இருந்து இன்னா பண்றது" என்று டாக்டரிடம் முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தத் தவக்காலத்திலேயே, உயிர்ப்புத் திருநாளைப் பார்க்காமலே போய்விட்டார். உன்னால் அடைப்பிலிருந்து வர முடியவில்லை. செய்தி கேட்டு நீ அன்னந்தண்ணி தொடாமல் படுத்துவிட்டதாகவும், உன்னையும் இழந்துவிடுவோமோ என்று பயந்ததாகவும் அப்போதைய மதர் எனக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இன்னொரு தவக்காலத்தை உனக்கு நான் அப்படிக் கொடுக்க மாட்டேன். நல்லதோ கெட்டதோ, உயிர்ப்புத் திருநாளுக்கு அப்புறம் ஒரே தடவையில் தெரிந்துகொள்.

பயமாக இருக்கிறது, தங்கச்சி. மற்றவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே இருக்கிறேன், அதுதான் அதிகமாக வலிக்கிறது. ஆனால் அப்பா மாதிரி வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். பிரிசில்லாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பெரிய வியாழன் விஷயம் முடிந்தது. அவர்கள் கழுவுவது வலது பாதத்தை. என்னிடம் அது இருக்கப்போவதில்லை. ஃபாதரிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிடச் சொல்வேன். நீ அவ்வளவு சந்தோஷப்பட்டாயே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன் அண்ணன்,
அந்தோணி


ஆம்பூர்
12 மார்ச் 2025

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கு,

தோத்திரம். நான் உங்கள் மடத்தில் இருக்கும் சிஸ்டர் ஹெலனின் அண்ணி பிரிசில்லா. என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள், உங்கள் சட்டம் சரியாகத் தெரியாது. தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை அவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கர்த்தருடைய கிருபையால் உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் மனுஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இனி நான் இல்லை என்று பங்குச் சாமியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தங்கச்சிக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள், ஈஸ்டர் வரை தெரியவே கூடாது என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ராத்திரி பகலாக ஜெபம் பண்ணுகிறவளுக்கு, எதற்காக ஜெபம் பண்ண வேண்டும் என்று தெரிய வேண்டாமா? சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் கையில் விட்டுவிடுகிறேன். நீங்கள் அவளுக்குத் தாய் மாதிரி. என்னைவிட உங்களுக்கு அவளைத் தெரியும்.

பதில் எழுத முடியாது என்று தெரியும். எதிர்பார்க்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
பிரிசில்லா அந்தோணி


ஆம்பூர்
6 ஏப்ரல் 2025

இயேசுவுக்கே புகழ்!

தங்கச்சி, இதுவும் மதர் மேசைக்குள் போகப்போகிற கடிதம்தான். இருந்தாலும் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரிந்தே பேசுவதும் ஒரு செபம்தானே.

வீட்டுக்கு வந்துவிட்டேன். காயம் நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது. தையல் பிரித்தாயிற்று. ஒரு வினோதம் கேள்: எடுத்த கால் இன்னும் இருப்பது போலவே இருக்கிறது. இல்லாத பாதத்தில் எரிச்சல், இல்லாத விரலில் அரிப்பு. சில பேருக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். சொறியப் போனால் கைக்குப் போர்வைதான் கிடைக்கிறது.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாள் நான் மனுஷனாக இல்லை. யாராவது என்னைத் தொட்டுத் தூக்க வந்தால் எரிந்து விழுந்தேன். ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. நயீம் பாய் வேலை முடித்து, பஸ் பிடித்து, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வேலூர் வருவார். ஒரு நாள் ரேசரும் சோப்பும் எடுத்து வந்து எனக்கு ஷேவ் பண்ண உட்கார்ந்தார். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன். அவர் விடவில்லை. "எங்க வாப்பா மௌத்துக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து பெஞ்ச் போட்டது யாரு? எங்க வூட்ல எது நடந்தாலும் நீ வருவே, ஒனக்கு ஒண்ணுன்னா நாங்க வரக் கூடாதா? நீ மட்டும்தான் நல்லவனா இருக்கணுமா? கம்முனு மூஞ்சியக் காட்டு" என்றார். பட்டினி வயிற்றோடு இருந்தும் ஒரு கீறல் படாமல் வழித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கொடுப்பது எனக்குச் சுலபம். வாங்கிக்கொள்வது என்றால்தான் மூக்குக்கு மேல் கோபம். இத்தனை வருஷமும் அதை நான் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு பெட்பேன் வைக்க வந்த நர்ஸுக்கு நன்றி சொன்னேன். உன் அண்ணி கஞ்சி ஊட்டினால் வாயைத் திறந்தேன். அவள் அழுதுவிட்டாள்.

நேற்று அன்பரசன் ஃபாதர் வீட்டுக்கு வந்தார். நயீம் பாயும் இருந்தார். என் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"போடலியே. அன்னைக்கு அந்தப் பன்னெண்டு பேர்லயும் ஒருத்தரு என் காலைக் கழுவவே வேணாம்னு அடம் பிடிச்சாரு. யாருன்னு தெரியுமில்ல?"

"பேதுரு."

"அவரு பேரை எடுத்துட்டு வேற ஆளா போட்டாரு ஆண்டவர்?"

இருந்தாலும் சும்மா விடுவேனா? "எனக்கு வலது கால் இல்லியே ஃபாதர். நீங்க கழுவுறது வலதுதானே" என்றேன். "வலது கால்னு நற்செய்தியில எங்கயும் இல்லண்ணா. எல்லாரும் வலதக் கழுவினாங்க, நானும் கழுவுறேன். ஏன்னு யாரும் எனக்குச் சொல்லல, நானும் கேக்கல" என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

நயீம் பாய்க்குப் பொறுக்கவில்லை. "ஃபாதர், நாங்க தொழுகைக்குத் தினம் அஞ்சு வேளை கால் கழுவுறோம். நீங்க வருஷத்துக்கு ஒரு வாட்டி கழுவுறதுக்கு இன்னா இவ்ளோ பேஜாரு?" என்றார். ஃபாதர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கால் போனதிலிருந்து நான் நிஜமாகச் சிரித்தது நேற்றுதான்.

ஆனாலும் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு வரவில்லை. சனங்கள் முன்னால் அந்தக் காலி பேண்ட்டோடு உட்கார வேண்டும். நினைத்தாலே வேர்க்கிறது.

உன் அண்ணன்,
அந்தோணி


ஆம்பூர்
18 ஏப்ரல் 2025, பெரிய வெள்ளி

அன்புத் தங்கைக்கு,

இன்று சிலுவைப் பாதைக்கு என்னால் மற்றவர்களோடு நடக்க முடியாது. எல்லோரும் கோவிலில் இருக்கிறார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து நேற்று நடந்ததை எழுதுகிறேன். நாளைதான் தபாலில் சேரும். இது உயிர்ப்பு ஞாயிறு தாண்டி வரும், தனியாகப் படித்துக்கொள்.

போனேன்.

மதியம் வரை போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். உன் அண்ணி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். திட்டியிருந்தால் போகாமல் இருந்திருப்பேன். நயீம் பாய் ஆட்டோவோடு வந்து நின்றார். அவரே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்து பீடத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பதினோரு பேரும் செருப்பைக் கழற்றி வலது காலை முன்னால் வைத்தார்கள். நான் கடைசி. இடது காலை நீட்டினேன். குனிந்து அந்த வரிசையைப் பார்த்தேன். பதினோரு வலதும் ஓர் இடதும். எங்கள் மேசையில் இப்படி ஒரு பெட்டி வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம். யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

ஃபாதர் ஒவ்வொருவராக முடித்து வந்து என் முன்னால் மண்டி போட்டார். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓட முடியாத நிலைமைக்கு முதல் தடவையாக நன்றி சொன்னேன். அவர் என் இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, முத்தம் கொடுத்தார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நான் அழுதேன், ஹெலன். பின்னால் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பாய்தான் என்று நினைக்கிறேன், கேட்டால் ஜலதோஷம் என்பார்.

இன்னொன்று. உன் அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. ஃபாதர் எழுந்து போன பிறகு, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, எடுத்த அந்த வலது பாதத்தில் எரிச்சல் சட்டென்று நின்றது. அப்புறம் ஜில்லென்று இருந்தது. யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி, குதிகாலிலிருந்து விரல் வரை. கொஞ்ச நேரம்தான். குனிந்து பார்த்தேன், வெறும் தரை. நரம்பு ஏதோ செய்கிறது, வேறென்ன. ஆனால் நேற்று ராத்திரி நான் எரிச்சல் இல்லாமல் தூங்கினேன்.

உனக்கு ஒன்றும் தெரியாமல் இந்தத் தவக்காலம் நல்லபடியாகக் கழிந்ததே, அதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி.

உன் அண்ணன்,
அந்தோணி


அடைப்பு மடம், கோத்தகிரி
21 ஏப்ரல் 2025

ஆண்டவர் உயிர்த்தெழுந்தார், அல்லேலூயா!

என் அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும் உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நேற்றுப் பூசை முடிந்ததும் மதர் மேசையைத் திறந்து உன் இரண்டு கடிதங்களையும் கொடுத்தார். சாம்பல் புதனுக்கு முன்னால் எழுதியது ஒன்று, நயீம் அண்ணன் ஷேவ் பண்ணியது ஒன்று. அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அவருடைய நோன்பு வீண் போகாது.

அண்ணா, நீ கணக்குப் போட்டாய். அண்ணியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாய். அவள் மதருக்கு எழுதிவிட்டாள். மதர் என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவளைத் திட்டாதே. அவள் எழுதியதில் ஒரு வரி போதும், நான் ஆயுசுக்கும் அவளுக்கு நன்றியோடு இருக்க.

"அண்ணனுக்கு எழுத வேண்டுமானால் எழுது, நான் அனுமதி தருகிறேன்" என்றார் மதர். வேண்டாம் என்றேன். எனக்குத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் நீ படுத்திருக்கிறாய். அதையும் உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. தவக்காலம் முழுக்கத் தெரியாதவள் மாதிரியே இருந்தேன். இந்தத் தடவை நான் படுக்கவில்லை, அண்ணா. எல்லோரும் உபவாசம் இருந்த நாட்களில் நான் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டேன். மதர் எனக்குக் கொடுத்த தவ ஒறுத்தல் அதுதான். ஒவ்வொரு கவளத்தையும் உனக்காக விழுங்கினேன்.

உன் வியாழக்கிழமை எப்படிப் போனதென்று எனக்கு இன்னும் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, பெயரை எடுத்துவிடச் சொன்னாய் என்று அண்ணி எழுதியது மட்டும்தான். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், நீ போயிருக்க மாட்டாய் என்றே நினைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் வரிசையில் உட்கார்ந்தேன். அதனால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

மதருக்கு வயதாகிவிட்டது. மண்டி போட்டு எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வெந்நீர் கொஞ்சம்தான் வைத்திருந்தார்கள், என்னிடம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. இன்னொரு சிஸ்டர் தொட்டியிலிருந்து மொண்டுகொண்டு வந்தாள். நான் வலது காலை நீட்டினேன். மதர் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டார். அந்த நேரத்தில் பேசக் கூடாது. இத்தனை வருஷத்தில் அங்கே நான் வாய் திறந்ததில்லை.

"மதர், இது எங்க அண்ணனோட கால். என்னோடத இன்னும் கழுவலை" என்று சொல்லி இடது காலை நீட்டினேன்.

மதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, பிடிக்க வந்த சிஸ்டரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து வலது காலையே கையில் எடுத்தார். "அப்படின்னா இதை இன்னொரு தடவை நல்லா கழுவணும்" என்றார். குதிகாலிலிருந்து விரல் வரை மெதுவாக ஊற்றினார். அதற்குப் பிறகுதான் என்னுடையதற்கு வந்தார்.

ஆகவே நீ போகாவிட்டாலும் பரவாயில்லை. உன் வலது பாதத்தைக் கழுவியாயிற்று, அண்ணா. தண்ணீர்தான் கொஞ்சம் ஜில்லென்று இருந்தது, பொறுத்துக்கொள்.

உன் தங்கை,
ஹெலன்